உங்கள் ஊர் போலீஸ் ஆளைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறதா? டெக்சஸில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளும் வழி

டெக்சஸில் வண்டிகளை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒவ்வொரு ஊர் போலீஸும் வருடாவருடம் மார்ச் 1க்குள் ஓர் அறிக்கை கொடுத்தாக வேண்டும். போன வருடம் எத்தனை வண்டிகளை நிறுத்தினார்கள், ஓட்டியவர்கள் எந்த இனத்தவர், என்ன காரணம், யாரைச் சோதனை போட்டார்கள், சோதனையில் ஏதாவது கிடைத்ததா, கடைசியில் டிக்கெட்டா வார்னிங்கா கைதா என்று எல்லாம் அதில் இருக்கும். மாநில அரசின் போலீஸ் உரிம கமிஷனுக்கு ஒரு பிரதி போகும், உங்கள் சிட்டி கவுன்சிலுக்கு ஒரு பிரதி போகும். வேண்டுமென்றே கொடுக்காமல் விட்டால் 5,000 டாலர் வரை அபராதம் உண்டு. பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங், கேட்டி, ரவுண்ட் ராக் என்று நம்மவர்கள் நிறைய வசிக்கிற ஊர்களில் ஸ்கூல் ரேட்டிங்கையும் வீட்டு வரியையும் அக்குவேறு ஆணிவேறாகப் பேசுகிறோம், இந்த அறிக்கையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அறிக்கையை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது, நிறம் பார்த்து நிறுத்துவதைத் தடுக்க ஒரு போலீஸ் டிபார்ட்மென்ட் உண்மையிலேயே என்னவெல்லாம் செய்ய முடியும், அதை உங்கள் ஊர் செய்கிறதா என்று எப்படிக் கேட்பது என்பதுதான் இதில் இருக்கிறது. வேறு மாநிலத்தில் இருந்தாலும் பாதிக்கு மேல் உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். இதை கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. 1996இல் ரென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது இதுதான்: டிராஃபிக் விதிமீறல் ஒன்று கண்ணில் பட்டிருந்தால் அந்த ஸ்டாப் செல்லும், அந்த அதிகாரி மனதுக்குள் வேறு என்ன நினைத்து நிறுத்தினார் என்பது நியாயமற்ற சோதனை, கைதுக்கு எதிரான அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தத்தின் கீழ் கணக்கில் வராது. யோசித்துப் பாருங்கள், பத்து நிமிஷம் வண்டி ஓட்டினால் ஏதாவது ஒரு சின்ன விதியை மீறாமல் இருக்கிறவர் எத்தனை பேர்? நம்பர் பிளேட் விளக்கு எரியாது, லேன் மாறும்போது சிக்னல் கொஞ்சம் தாமதமாகப் போட்டிருப்போம். ஆக யாரை வேண்டுமானாலும் நிறுத்தச் சட்டப்படி ஒரு காரணம் எப்போதும் கிடைக்கும். இனம் பார்த்து நிறுத்தினார் என்று, எல்லோரையும் சட்டம் சமமாக நடத்த வேண்டும் என்கிற பதினான்காம் திருத்தத்தின் கீழ் வழக்குப் போடலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது, ஆனால் தனி மனிதர் ஒருவர் ஒரே ஒரு ஸ்டாப்பை வைத்து அதை நிரூபிப்பது மிக மிகக் கஷ்டம். அப்புறம் 2001இல் இன்னொரு தீர்ப்பு, அதுவும் டெக்சஸ் ஊர்தான், ஆஸ்டினுக்குப் பக்கத்தில் இருக்கிற லாகோ விஸ்டா. சீட் பெல்ட் போடாத ஒரு தாயைக் கைது செய்து கொண்டுபோனார்கள். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனையே 50 டாலர் அபராதம்தான். கைது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டம் இவ்வளவு இடம் கொடுத்திருப்பதால் மீதியைத் தீர்மானிப்பது உங்கள் ஊர் போலீஸின் உள்விதிகள்தான். அதிகாரியின் மனசை யாராலும் திறந்து பார்க்க முடியாது. ஆனால் எதற்கெல்லாம் அவர் வண்டியை நிறுத்தலாம், எப்போது சோதனை கேட்கலாம், காரணத்தை எங்கே எழுதிவைக்க வேண்டும், எழுதியதை யார் படித்துப் பார்ப்பார் என்பதையெல்லாம் ஊர் தீர்மானிக்கலாம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இந்த நாலுக்குள் அடங்கிவிடும்.

கொள்கையும் அறிக்கையும் எங்கே இருக்கும்

டெக்சஸில் இதற்கான சட்டம் 2001இல் வந்தது. நிறம் பார்த்து நிறுத்துவதைத் தடை செய்யும் எழுத்துபூர்வமான கொள்கை ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலும் இருக்க வேண்டும், புகார் கொடுக்க வழி இருக்க வேண்டும், புகார் நிரூபணமானால் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஸ்டாப் விவரங்களைச் சேகரிக்க வேண்டும் என்றது. 2017இல் வந்த சாண்ட்ரா பிளாண்ட் சட்டம் அதை இறுக்கியது. அவர் 2015 ஜூலை 10 அன்று வாலர் கவுண்டியில் உள்ள பிரெய்ரி வியூவில், லேன் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று மாநிலப் போலீஸால் நிறுத்தப்பட்ட கறுப்பினப் பெண். பேச்சு முற்றிக் கைதாகி, மூன்றாம் நாள் கவுண்டி சிறையில் இறந்துபோனார். அந்தச் சட்டத்தின் முதல் வரைவில், சந்தேகம் எதுவும் இல்லாமல் ஒப்புதலை மட்டும் வைத்துச் சோதனை போடுவதைத் தடுக்கும் பகுதியும், வெறும் அபராதக் குற்றத்துக்குக் கைது செய்வதைத் தடுக்கும் பகுதியும் இருந்தன. நிறைவேறுவதற்குள் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். எடுத்த அந்த இரண்டையும் ஒரு சிட்டி நினைத்தால் தன் போலீஸுக்கு உள்விதியாகவே வைத்துக்கொள்ளலாம் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கவுன்சிலில் கேட்க உதவும்.

தேடுவது எளிது. உங்கள் ஊர் பெயரோடு ‘ரேசியல் புரொஃபைலிங் ரிப்போர்ட்’ என்று இங்கிலீஷில் போட்டுத் தேடினால் பெரும்பாலும் போலீஸ் டிபார்ட்மென்ட் பக்கத்திலேயே பிடிஎஃப் கிடைக்கும். இல்லையென்றால் மாநில கமிஷனின் இணையதளத்தில் எல்லா ஊர் அறிக்கைகளும் இருக்கின்றன, அங்கே எடுக்கலாம். ஒரு வருடத்தை மட்டும் எடுக்காதீர்கள். நாலைந்து வருடங்களை எடுத்து அருகருகே வையுங்கள். ஒரே வருடத்தின் எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

படிக்கும் முறை

எல்லோரும் முதலில் பார்ப்பது மொத்த ஸ்டாப்பில் கறுப்பர் எத்தனை சதவீதம், ஹிஸ்பானிக் எத்தனை சதவீதம், ஊர் மக்கள்தொகையில் அவர்கள் எத்தனை சதவீதம் என்பதைத்தான். அறிக்கைகளும் இந்த ஒப்பீட்டைத்தான் பெரிதாகப் போடும். பாருங்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். ஊருக்கு நடுவே ஒரு ஹைவே போனால் நிறுத்தப்படுகிறவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரராக இருக்கலாம், மால் இருந்தால் அப்படியே. மக்கள்தொகையில் குழந்தைகளும் இருக்கிறார்கள், அவர்கள் வண்டி ஓட்டுவதில்லை. ‘எங்கள் ஊரில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லவும், ‘படுமோசம்’ என்று சொல்லவும் இந்த ஒப்பீடு ஒரே மாதிரி வளைந்து கொடுக்கும்.

கண் போக வேண்டிய இடம் சோதனைப் பகுதி. அங்கே யார் யார் சோதனை போடப்பட்டார்கள் என்பதும், அதில் சட்டவிரோதமான பொருள் கிடைத்ததா என்பதும் இனவாரியாக இருக்கும். உதாரணத்துக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், இது எந்த ஊருடைய எண்ணும் இல்லை. ஓர் ஊரில் வெள்ளையர் 200 பேரைச் சோதித்து 70 பேரிடம் ஏதோ கிடைத்தது, அதாவது 35 சதவீதம். கறுப்பர் 180 பேரைச் சோதித்து 36 பேரிடம் கிடைத்தது, 20 சதவீதம். இதற்கு என்ன அர்த்தம்? வெள்ளையர் விஷயத்தில் நல்ல சந்தேகம் வந்த பிறகே வண்டியைத் திறக்கச் சொல்கிறார்கள், கறுப்பர் விஷயத்தில் லேசான சந்தேகத்துக்கே திறக்கச் சொல்கிறார்கள் என்று சந்தேகப்பட வலுவான இடம் இருக்கிறது. கறுப்பர் தப்பு அதிகமாகச் செய்கிறார்கள், அதனால்தான் அதிகமாகச் சோதிக்கிறோம் என்ற பதில் இங்கே எடுபடாது, ஏனென்றால் அவர்களைச் சோதித்ததில் குறைவாகத்தான் கிடைத்திருக்கிறது. ஹைவே, மால், வெளியூர்க்காரர் என்ற சிக்கலும் இந்தக் கணக்கில் இல்லை. ஒரு பேப்பரில் நாலு வகுத்தல் போட்டாலே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் பிரித்துவிட வேண்டும். கைது செய்த பிறகு போடும் சோதனை, வண்டியை டோ செய்யும்போது பட்டியல் எடுக்கும் சோதனை இரண்டும் அதிகாரியின் விருப்பத்தில் நடப்பவை இல்லை, நடைமுறைப்படி போட்டே ஆக வேண்டியவை. அவற்றைத் தள்ளிவிட்டு ஒப்புதல் சோதனையையும், சந்தேகத்தின் பேரில் போட்ட சோதனையையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் காரணவாரியாக இவை பிரித்தே இருக்கும்.

அடுத்தது, ஏன் நிறுத்தினார்கள் என்ற பகுதி. வேகம், சிகப்பு சிக்னல் தாண்டியது போன்ற ஓட்டும்போது செய்த தவறுகள் ஒரு வரிசை, விளக்கு எரியவில்லை, ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதி போன்ற வண்டிக் குறைகள் இன்னொரு வரிசை. இரண்டாவது வரிசையில் ஓர் இனத்தவர் மட்டும் தூக்கலாக இருந்தால் அங்கேதான் கேள்வி கேட்க வேண்டும். வேகமாக ஓட்டுகிறவரை ரேடார் காட்டிக்கொடுத்துவிடும். பின்விளக்கு எரியாத பத்து வண்டிகளில் எதை நிறுத்துவது என்பதை அதிகாரிதான் தேர்ந்தெடுக்கிறார்.

‘நிறுத்துவதற்கு முன்பே ஓட்டுபவரின் இனம் தெரியுமா’ என்று ஒரு கட்டமும் இருக்கும். பெரும்பாலான அறிக்கைகளில் ‘தெரியாது’ பக்கம்தான் மலைபோல் நிற்கும். பட்டப்பகலிலும் நள்ளிரவிலும் அதே பதில் வந்தால் அந்தக் கட்டத்தை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. அதைவிட நல்ல வழி நேரத்தைப் பார்ப்பது. மாலை ஆறரை மணி டிசம்பரில் இருட்டு, ஜூனில் வெளிச்சம். அதே ஆறரை மணி, அதே ரோடு, வேலை முடிந்து அதே ஜனங்கள். வெளிச்சத்தில் நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பர் விகிதம் அதிகமாகவும் இருட்டில் குறைவாகவும் இருந்தால், முகம் தெரிவதுதான் காரணம் என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு நாடு முழுக்க ஏறக்குறைய 10 கோடி ஸ்டாப் பதிவுகளைச் சேகரித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில் இந்த முறையைத்தான் கையாண்டது, இருட்டிய பிறகு கறுப்பர் விகிதம் இறங்கத்தான் செய்தது. கனெக்டிகட் மாநிலம் தன் ஊர் போலீஸ்களை வருடாவருடம் இப்படித்தான் அலசுகிறது. டெக்சஸ் அறிக்கையில் நேரவாரி எண் இருக்காது, அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், வழியைக் கீழே சொல்கிறேன்.

எண்களைப் பதிவு செய்கிறவரே தப்பாகப் பதிவு செய்தால்? அதுவும் நடந்திருக்கிறது. 2015இல் ஆஸ்டின் தொலைக்காட்சி ஒன்று தோண்டிப் பார்த்தபோது, மாநில நெடுஞ்சாலைப் போலீஸார் ஹிஸ்பானிக் ஓட்டுநர்கள் பலரை வெள்ளையர் என்று பதிவு செய்திருந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் ஓட்டுபவரிடமே இனத்தைக் கேட்டு எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. கனெக்டிகட்டில் 2023இல் வந்த தணிக்கை, மாநிலப் போலீஸில் சிலர் நடக்காத ஸ்டாப்புகளுக்கே டிக்கெட் பதிவு செய்திருக்க வாய்ப்பு அதிகம் என்று சொன்னது, அப்படிப்பட்ட பதிவுகளால் இனவாரி எண்களே கோணிப்போயிருந்தன என்றும் சொன்னது. ஆகவே, பாடி கேமராப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, எழுதியிருக்கிற இனம் சரியா என்று உங்கள் ஊரில் யாராவது சரிபார்க்கிறார்களா என்பது அவசியமான கேள்வி. நம்மைப் பொறுத்தவரை இதில் ஒரு குறையும் இருக்கிறது. இந்தியர், சீனர், வியட்நாமியர், பசிபிக் தீவினர் எல்லோரும் ஒரே வரிசையில் வருகிறார்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் அதிகாரி பார்த்து முடிவு செய்து போடுவதுதான் இனம், நம்மில் சிலர் ஹிஸ்பானிக் வரிசையில் போய் உட்கார்ந்திருக்கலாம். எனவே ஆசியர் வரிசையில் எண் குறைவாக இருக்கிறது, நமக்குப் பிரச்சினை இல்லை என்று மூடிவைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக் கறுப்பினக் குடும்பத்துப் பையன் வாரம் ஒரு முறை நிறுத்தப்படுகிற ஊர் நம் ஊரும்தான்.

எது வேலை செய்கிறது

போலீஸ் சீஃபிடம் கேட்டால் முதலில் வரும் பதில் ‘எல்லோருக்கும் ட்ரெயினிங் கொடுக்கிறோம்’ என்பதாக இருக்கும். கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நியூயார்க் போலீஸில் ஆழ்மனச் சார்பு பற்றிய பயிற்சியைப் பல்லாயிரம் பேருக்குக் கொடுத்துவிட்டு, விளைவை வெளி ஆய்வாளர்களை வைத்து அளந்தார்கள். 2020இல் முடிவு வந்தது. அதிகாரிகளுக்கு விஷயம் புரிந்திருக்கிறது, ஆனால் தெருவில் யாரை நிறுத்துகிறார்கள், யாரைக் கைது செய்கிறார்கள் என்ற இன வித்தியாசத்தில் பயிற்சியால் மாறியது என்று சொல்லும்படி ஒன்றும் தென்படவில்லை. ட்ரெயினிங் மட்டும்தான் பதில் என்றால் உங்கள் ஊர் இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் செய்தது சின்ன விஷயம். ஸ்டாப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள்: இந்த ஆளைக் குறிப்பிட்ட குற்றத்தோடு தொடர்புபடுத்தும் தகவல் ஏற்கெனவே கையில் இருந்து நிறுத்துகிறீர்களா, ஆமா இல்லையா? அவ்வளவுதான். நிறுத்துவதற்கு முன் இந்தக் கேள்விக்குத் தனக்குத் தானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததால் வெறும் உள்ளுணர்வில் நிறுத்துவது குறைந்தது. 2017இல் சுமார் 32,000 ஸ்டாப், 2018இல் சுமார் 19,000. கறுப்பர்களை நிறுத்துவது 43 சதவீதம் குறைந்தது. அந்தக் காலத்தில் ஊரில் குற்றங்களும் கூடவில்லை. அந்த நகரத்தோடு சேர்ந்து வேலை செய்தவர் ஸ்டான்ஃபோர்டின் உளவியல் பேராசிரியர் ஜெனிஃபர் எபர்ஹார்ட். அவர் இருந்த ஆய்வுக் குழுதான் ஓக்லாந்து பாடி கேமராப் பதிவுகளில் அதிகாரிகள் பேசிய வார்த்தைகளை எடுத்து அலசி, கறுப்பின ஓட்டுநர்களிடம் மரியாதை குறைவாகவே பேசுகிறார்கள் என்று 2017இல் காட்டியது. கேமரா வாங்கிப் பொருத்துவது ஒரு வேலை, பதிவைப் போட்டுப் பார்ப்பது வேறு வேலை. பல ஊர்களில் முதல் வேலைதான் நடந்திருக்கிறது. புகார் வந்தால் மட்டும் பார்க்கிறார்களா, இல்லை மேலதிகாரி மாதாமாதம் ஏதோ சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்துப் பார்க்கிறாரா என்று கேளுங்கள்.

நார்த் கரோலினாவின் ஃபயட்வில் இன்னும் ஒரு படி மேலே போனது. 2013 முதல் 2016 வரை அங்கே சீஃபாக இருந்த ஹரால்ட் மெட்லாக், விளக்கு, ரெஜிஸ்ட்ரேஷன் மாதிரி வண்டிக் குறைகளுக்கு நிறுத்துவதைக் குறைத்துவிட்டு வேகம், சிக்னல் தாண்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது இவற்றில் கவனம் செலுத்தச் சொன்னார். நிறுத்தும் எண்ணிக்கை குறையவில்லை, நிறுத்தும் காரணம்தான் மாறியது. பிறகு ஆய்வாளர்கள் அதே மாதிரியான வேறு ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் விபத்துச் சாவுகளும் காயங்களும் குறைந்திருந்தன, நிறுத்தப்பட்டவர்களில் கறுப்பர் விகிதமும் குறைந்திருந்தது, மற்ற குற்றங்கள் கூடவில்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்த உதாரணம், ஏனென்றால் ‘நிறுத்துவதைக் குறைத்தால் ஊர் கெட்டுப்போகும்’ என்ற பயத்துக்கு இதில் பதில் இருக்கிறது. அதே மாநிலத்தில் டர்ஹம் நகரம் 2014இல், ஒப்புதல் சோதனை என்றால் ஓட்டுபவர் எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. வாயால் கேட்கும்போது தலையாட்டிவிடுகிறவர்கள் பேப்பரைப் பார்த்ததும் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம் என்பது தெரிந்துகொள்கிறார்கள்.

பிலடெல்பியாவில் கவுன்சிலே சட்டம் போட்டது. பம்பர் உடைந்திருப்பது மாதிரி எட்டுச் சின்னக் குறைகளை மட்டும் வைத்து வண்டியை நிறுத்தக் கூடாது என்பது 2022 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் கமிஷன், வேறு ஏதோ துப்புக்காகச் சின்ன விதிமீறலைச் சாக்காக வைத்து நிறுத்தினால், அதற்கான காரணத்தை பாடி கேமராவில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று விதித்தது. கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல், எதற்காக நிறுத்தினோம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்ற கேள்வி கேட்க வேண்டும். ‘எதுக்கு நிறுத்தினேன் தெரியுமா’ என்று நம்மிடமே கேட்டு நம் வாயாலேயே வரவழைக்கும் பழக்கத்துக்கு அது முற்றுப்புள்ளி. டெக்சஸில் அப்படிச் சட்டம் இல்லை, ஆனால் உங்கள் ஊர் சீஃப் நாளைக்கே ஓர் உத்தரவு போட்டு இதைக் கொண்டுவரலாம்.

கவுன்சிலில் கேட்பது

அறிக்கை கவுன்சில் அஜெண்டாவில் வரும் நாளைப் பிடியுங்கள், பிப்ரவரி, மார்ச் வாக்கில் பாருங்கள். டெக்சஸில் 2019 சட்டப்படி அஜெண்டாவில் உள்ள எந்த விஷயத்தைப் பற்றியும், கவுன்சில் அதை எடுத்துக்கொள்வதற்கு முன்போ எடுத்துக்கொள்ளும்போதோ பொதுமக்கள் பேச இடம் கொடுத்தே ஆக வேண்டும். குடியுரிமை கேட்க மாட்டார்கள், எச்1பியில் இருந்தாலும் பேசலாம். பெரும்பாலும் மூன்று நிமிஷம் கிடைக்கும். சில ஊர்களில் முன்னாடியே பெயர் கொடுக்க வேண்டும்.

மூன்று நிமிஷத்தில் சரித்திரம் சொல்லாதீர்கள். உங்கள் ஊர் எண்ணிலிருந்து ஒன்றை எடுத்துச் சொல்லி, ஒரு கேள்வி கேட்டு, பதில் எப்போது வரும் என்று கேட்டு முடியுங்கள். இந்த மாதிரி: “அறிக்கையின் இந்தப் பக்கத்தில், ஒப்புதல் சோதனைகளில் பொருள் கிடைத்த விகிதம் வெள்ளையருக்கு இவ்வளவு, கறுப்பருக்கு இவ்வளவு, ஹிஸ்பானிக்குக்கு இவ்வளவு என்று இருக்கிறது. மூன்று வருடமாக இந்த இடைவெளி குறையவில்லை. ஒப்புதலை எழுத்தில் வாங்கும் விதியை சீஃப் கொண்டுவருவாரா? அடுத்த கூட்டத்துக்குள் பதில் கிடைக்குமா?” அதிகாரிகளை இனவெறியர்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே திசை மாறிவிடும், எண்ணை விட்டுவிட்டு எல்லோரும் மனசைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு பேர் போவதைவிட ஆறு பேர் போவது நல்லது, அதில் கறுப்பின, ஹிஸ்பானிக் அண்டை வீட்டாரும் இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் இதைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம், அப்படியென்றால் நீங்கள் புதிதாக ஆரம்பிக்காமல் அவர்களோடு சேர்ந்துகொள்வதுதான் முறை.

அறிக்கையில் இல்லாததற்கு டெக்சஸ் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. போலீஸ் டிபார்ட்மென்ட்டின் ஓபன் ரெக்கார்ட்ஸ் பக்கத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். சீக்கிரம் கொடுக்க வேண்டும், மறைத்துவைக்க விரும்பினால் பொதுவாக 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் (அரசின் தலைமை வக்கீல்) முடிவு கேட்க வேண்டும். ‘எல்லாவற்றையும் கொடுங்கள்’ என்று கேட்டால் பெரிய பில் வரும். ஒரு வருடத்து ஸ்டாப் பதிவுகள், பெயரும் லைசென்ஸ் எண்ணும் இல்லாமல், தேதி, நேரம், இடம், இனம், காரணம், சோதனை, முடிவு, எக்செல் வடிவில் என்று குறுக்கிக் கேளுங்கள். நம்மவர்களில் டேட்டா வேலை பார்க்காத வீடு குறைவு, ஒரு வார இறுதியில் அலசிவிடலாம்.

உங்களையே நிறுத்தினால்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஓரமாக நிறுத்தி, உள்விளக்கைப் போட்டு, கைகளை ஸ்டியரிங்கில் வையுங்கள். ஓட்டுபவர் லைசென்ஸும் இன்சூரன்ஸும் காட்ட வேண்டும். ‘வண்டியைப் பார்க்கலாமா’ என்று கேட்டால் அது ஒப்புதல் கேட்பது. அமைதியாக ‘சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை’ என்று சொல்லலாம், மறுக்கலாம் என்பதை அவர் உங்களுக்குச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. சம்மதிக்காமலே சோதித்தால் தடுக்காதீர்கள், சம்மதிக்கவில்லை என்று சொன்னது பதிவில் இருந்தால் போதும். டிக்கெட் வேலை முடிந்த பிறகு, நியாயமான சந்தேகம் இல்லாமல், மோப்ப நாய் வரும்வரை காத்திருக்க வைக்கக் கூடாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தப்பாக நடந்ததாகத் தோன்றினால் அன்றே தேதி, நேரம், இடம், அதிகாரியின் பெயர், பேசிய வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். புகார் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும், ஃபோனில் சொல்லிவிட்டு வந்தால் அது புகார் ஆகாமல் போக வாய்ப்பு உண்டு. எந்த எண்ணுக்கு, எந்த மின்னஞ்சலுக்குப் புகார் கொடுக்கலாம் என்ற விவரம் டிக்கெட்டோடும் வார்னிங்கோடும் வர வேண்டும் என்பது சட்டம், பாராட்டும் அதே முகவரிக்குத்தான். கேமராப் பதிவை 90 நாள் வைத்திருந்தாலே அவர்களுக்குப் போதும், அதற்குள் புகாரைக் கொடுத்துவிடுங்கள். விசா பயம் இருந்தால், கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலோடு பேசிவிடுவது மனசுக்குத் தெம்பாக இருக்கும்.

911 கூப்பிடுகிறவர்கள்

நிறம் பார்ப்பது எல்லா நேரமும் போலீஸிடமிருந்து ஆரம்பிப்பதில்லை. 2015 பிப்ரவரியில் அலபாமாவின் மாடிசன் ஊரில், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்திருந்த 57 வயதுத் தாத்தா ஒருவர் மகன் வீட்டுத் தெருவில் காலையில் நடந்துகொண்டிருந்தார். ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவர் வீடுகளைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஃபோன் செய்தார். வந்த அதிகாரி, இங்கிலீஷ் தெரியாத அவரைத் தரையில் சாய்த்ததில் தண்டுவடத்தில் அடிபட்டுப் பெரியவருக்கு உடல் பகுதி செயலிழந்தது. அதிகாரி மேல் வழக்கு நடந்து, இரண்டு முறை ஜூரி முடிவுக்கு வர முடியாமல் போய், 2016 ஜனவரியில் நீதிபதி அவரை விடுவித்துவிட்டார்.

நம் வீடுகளுக்கும் அப்பா அம்மா வருகிறார்கள், காலையும் மாலையும் நடக்கிறார்கள். வீட்டு முகவரி, உங்கள் ஃபோன் நம்பர், தமிழ்தான் தெரியும் என்ற ஒரு வரி, மூன்றையும் இங்கிலீஷில் ஓர் அட்டையில் எழுதி அப்பா கையில் கொடுங்கள். போலீஸ் வந்தால் பாக்கெட்டுக்குள் கை விடாமல், நின்று, கைகளைக் காட்ட வேண்டும் என்று நடித்தே காட்டிவிடுங்கள்.

அதே நேரத்தில் நம் வாட்ஸப் குரூப்களையும் பார்க்க வேண்டும். ‘நம்ம தெருவில ஒரு கறுப்பு ஆள் சுத்திக்கிட்டு இருக்கான், யாராவது போலீஸ கூப்பிடுங்க’ என்ற மாதிரி செய்தி வராத குரூப் குறைவு. இது அந்த அலபாமா ஃபோனேதான், பேசுகிறவர் மட்டும் நாம். கூப்பிடுவதற்கு முன், அவர் என்ன செய்தார் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். கார் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறார் என்றால் கூப்பிடுங்கள். நடக்கிறார், நிற்கிறார், ஃபோன் பேசுகிறார் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றால் கூப்பிட விஷயம் இல்லை. அக்கம்பக்கத்தார் செய்தி போட்டுக்கொள்ளும் நெக்ஸ்ட்டோர் செயலி 2016இல், ஓக்லாந்து மக்கள் சண்டை போட்ட பிறகு, தன் படிவத்தை இப்படித்தான் மாற்றியது. என்ன செய்தார் என்று முதலில் எழுத வேண்டும், நிறத்தை எழுதினால் உடை மாதிரி வேறு அடையாளமும் எழுத வேண்டும். நிறத்தை மட்டும் வைத்துப் போடும் பதிவுகள் 75 சதவீதம் குறைந்தன என்று அந்த நிறுவனம் சொன்னது.

உங்கள் ஊரில் 911 ஃபோனை எடுப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்களா என்று சீஃபிடம் கேட்கலாம். ‘அந்த ஆள் என்ன செய்கிறார்?’ என்று கேட்டு, பதில் இல்லையென்றால் கார் அனுப்பாமல் இருக்கவும், அனுப்பினால் ‘குற்றம் எதுவும் சொல்லப்படவில்லை’ என்று போகிற அதிகாரிக்குச் சொல்லி அனுப்பவும் அவர்களுக்கு எழுத்தில் வழிமுறை இருக்கிறதா? இருந்தால் அதன் பிரதியை வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் உங்கள் மூன்று நிமிஷத்தை இதற்கே கொடுங்கள்.